வாயோரம் கசிந்த காற்று

பீப்பி அக்காவின் வாய் கோணிப்போனதை முதலில் கண்டுபிடித்தவர் அவள் கணவர் இல்லை, மகள் இல்லை, அவளே கூட இல்லை. மூக்குக்கண்ணாடி வாங்க வந்த ஒரு பெரியவர்.

அப்போது அவளுக்கு நாற்பது தாண்டியிருந்தது. பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. லென்ஸை அளவுக்குத் தேய்த்து பிரேமில் உட்கார வைப்பாள். காதுக்குப் பின்னால் அழுத்துகிற கம்பியைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுப்பாள். 'இது எனக்கு எடுப்பா இருக்கா?' என்று கேட்பவர்களிடம் பொய்யும் சொல்லாமல் மனதையும் நோகடிக்காமல் பதில் சொல்லத் தெரியும். சனி, ஞாயிறு சாயங்காலங்களில் ஒரு ஓட்டலின் மொட்டைமாடிச் சாப்பாட்டுக் கூடத்தில் நாலு பேர் கொண்ட குழுவோடு சாக்ஸபோன் வாசிப்பாள். பள்ளிக்கூட பேண்டு குழுவில் கனமாக இருக்கிறது என்று வேறு எந்தப் பெண்ணும் தொடாத வாத்தியம், வேண்டாவெறுப்பாக இவள் கழுத்தில் மாட்டப்பட்டது. அதற்குப் பிறகு இறங்கவே இல்லை.

தினமும் காலையில் வீட்டில் சாதகம் செய்வாள். மேல்மாடியில் இருந்த ஓய்வுபெற்ற வக்கீல் ஒருவர் எரிச்சலில் 'அந்தப் பீப்பி' என்று திட்டப்போக, பேர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அதுவே செல்லப்பெயராகி, வக்கீலே படியில் பார்த்தால் "என்ன பீப்பி, இன்னைக்குச் சத்தத்தைக் காணோம்?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது.

அவளிடம் ஒரு தனிச் சரக்கு இருந்தது. இறக்கம்.

சாக்ஸபோனில் மேலே ஏறுவது பெரிய காரியமில்லை. முதுகுப்பக்கம் இடது கட்டைவிரலுக்கென்று ஒரு சாவி இருக்கிறது. அதை அமுக்கினால், மற்ற விரல்கள் அப்படியே இருக்க, சுரம் மட்டும் ஒரு ஸ்தாயி மேலே தாவிவிடும். இறங்குவதுதான் வம்பு. சாவியை விட்ட பிறகும் சுரம் கீழே வராமல் அடம்பிடித்துக்கொண்டு மேலேயே தொங்கும். இல்லாவிட்டால் இரண்டுக்கும் நடுவில் 'கர்ர்' என்று தவளை கத்தும். மூச்சை வெட்டி, நாக்கால் தட்டிப் புதிதாக ஊதினால் கீழ்ச்சுரம் வந்துவிடும்தான். ஆனால் அது இறங்குவதில்லை, குதிப்பது. இவள் ஒரே மூச்சில், ஒட்டுப்போட்ட இடம் தெரியாமல், மேல் ஸ்தாயியிலிருந்து வாத்தியத்தின் அடிவயிறு வரை வழித்துக்கொண்டு வருவாள். காற்றின் வேகம் குறையக் கூடாது. தாடை தொங்கக் கூடாது. உதடு, ஊதும் முனையில் கட்டிய நாணல் தகடான ரீடைச் சுற்றி ஒரே பிடியாக இருக்க வேண்டும். தொண்டை மட்டும் கொட்டாவிக்குத் தயாராகிற மாதிரி உள்ளே திறக்க வேண்டும். இதெல்லாம் கைவசமாகப் பல வருஷம் பிடித்தது.

ஓட்டலில் இரண்டாவது பாட்டு அந்த இறக்கத்தில்தான் முடியும். குழுவை நடத்தும் கீபோர்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்பார்கள். அந்த இடம் வந்ததும் அவர் இரண்டு கையையும் எடுத்து மடியில் வைத்துக்கொள்வார். "இங்க நான் விரல வெச்சா அதிகப்பிரசங்கித்தனம்" என்பார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலையில் இடது காதுக்குப் பின்னால் விண்ணென்று வலித்தது. தலையணை சரியில்லை என்று நினைத்துக்கொண்டாள். வாய் கொப்பளித்த தண்ணீர் தொட்டியில் விழாமல் ரவிக்கை மேல் பீய்ச்சியது. அவசரம் என்று நினைத்துக்கொண்டாள். பிறகு சாக்ஸபோனை எடுத்தாள்.

மேல்சுரம் வந்தது. கொஞ்சம் கூச்சலாக, இடது காதைக் குடைகிற மாதிரி வந்தது. கட்டைவிரலை எடுத்தாள். கீழே ஒன்றும் இல்லை. 'புஸ்' என்று காற்று.

மறுபடியும் ஊதினாள். புஸ்.

ரீடை மாற்றினாள். சாவிகளின் அடியில் மெல்லிய காகிதத்தைச் செருகி இழுத்து, எந்த மூடி சரியாக அடைக்கவில்லை என்று பார்த்தாள். எல்லாம் கச்சிதமாக அடைத்தன. மறுபடி ஊதினாலும் அதே கதை. ஏறுகிறது, இறங்க மாட்டேன் என்கிறது.

குளியலறையிலிருந்து மகள் குரல் கொடுத்தாள். "அம்மா, குக்கருக்கு வெயிட் போடலையா? காத்து போயிட்டே இருக்கு!"

"உன் வேலையப் பாரு" என்று சொல்லிவிட்டு, வாத்தியத்தைப் பழுதுபார்க்கக் கொடுக்க வேண்டும் என்ற முடிவோடு கடைக்குக் கிளம்பிப் போனாள். கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். விடியும்போதே போய்விட்டிருந்தார்.

கடையில் முதல் ஆளாக அந்தப் பெரியவர் வந்தார். வட்டமான பிரேம் ஒன்றைப் போட்டுக்கொண்டு அவள் முகத்தையே பார்த்தார். அவள் வழக்கம்போல் சிரித்தாள்.

"ஏம்மா, நல்லா இல்லைன்னா நல்லா இல்லைன்னு சொல்லிடு. எதுக்கு ஒரு பக்கமா இளிக்கற?"

"ஐயோ சார், நான் எதுக்கு சார் இளிக்கப்போறேன்? பவர் போட்டுப் பாத்தா..."

'பவர்' என்ற சொல் வாயிலிருந்து 'ஃபவர்' என்று வழிந்தது. பெரியவர் அந்தப் பிரேமைக் கழற்றிவிட்டுத் தன் பழைய கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். அவளைக் கிட்டத்தில் பார்த்தார். குரல் மாறிவிட்டது.

"அம்மா, கொஞ்சம் கண்ணாடில பாரும்மா."

கண்ணாடிக்கா அந்தக் கடையில் பஞ்சம்? மேஜைக்கு ஒன்று, தூணுக்கு ஒன்று, சுவர் முழுக்க நீளமாக ஒன்று. அவள் திரும்பினாள். வலது பாதி அவளுடைய முகம். இடது பாதி யாருடையது என்று தெரியவில்லை. கன்னம் தொங்கியிருந்தது, வாயின் ஓரம் கீழே சரிந்திருந்தது. சிரித்துப் பார்த்தாள். வலது பக்கம் சிரித்தது. இடது பக்கம் அந்தச் செய்தியைக் கேள்விப்படாதது போல் இருந்தது. கண்களை மூடிப் பார்த்தாள். இடது கண் மூடவில்லை. அந்தக் கண்ணாலேயே, தான் கண்ணை மூட முயற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

கையிலிருந்த பிரேம் விழுந்தது. கல்லாவிலிருந்த முதலாளி, "என்னத்தம்மா உடைச்ச?" என்று எட்டிப் பார்த்தவர், அவள் முகத்தைப் பார்த்ததும் எழுந்த நாற்காலியிலேயே மறுபடி உட்கார்ந்துவிட்டார்.

முதலாளி போன் போட, கணவர் வேனோடு வந்து சேர்ந்தார். உள்ளே பாய்ந்து வந்தவர், "யார் அடிச்சது?" என்றார்.

"யாரும் அடிக்கல."

"அப்புறம்?"

"தெரியலங்க. தானா."

ஆஸ்பத்திரிக்கு அதே வேனில் போனார்கள். வேனின் ஜன்னல்களில் யானையும் ஒட்டகச்சிவிங்கியும் ஒட்டியிருந்தன. பின்சீட்டில் யாரோ பிள்ளை விட்டுப்போன தண்ணீர்ப் புட்டி உருண்டுகொண்டே வந்தது. அவளுக்கு ஒரே ஒரு சொல்தான் மனதில் ஓடியது. பக்கவாதம். வலது கையால் இடது கையைக் கிள்ளினாள். வலித்தது. காலைக் கிள்ளினாள். அதுவும் வலித்தது. அப்படியும் நம்பிக்கை வரவில்லை.

டாக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண். "புருவத்தைத் தூக்குங்க" என்றார். வலது புருவம் மட்டும் எழுந்தது. இடது நெற்றி தேய்த்த துணி மாதிரி சுருக்கமே இல்லாமல் கிடந்தது.

"நல்லது" என்றார் டாக்டர்.

இரண்டு பேருக்கும் தூக்கிவாரிப்போட்டது. "எது டாக்டர் நல்லது?" என்றார் கணவர். குரல் சண்டைக்குப் போகிற மாதிரி இருந்தது.

"நெத்தியும் சேர்ந்து அசையல பாருங்க, அது. மூளையில அடைப்புன்னா பெரும்பாலும் நெத்தி அசையும், வாய்தான் கோணும். இவங்களுக்குக் கை கால் எல்லாம் சரியா இருக்கு. மூஞ்சிக்கு வர்ற நரம்பு ஒண்ணு வீங்கியிருக்கு, அவ்வளவுதான். பக்கவாதம் இல்ல."

கணவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் வந்து எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தாள். நோயாளி யார் என்பதில் அவளுக்கே கொஞ்ச நேரம் குழப்பம்.

"நான் எப்ப வாசிக்கலாம்?" என்று கேட்டாள் பீப்பி அக்கா.

"என்ன வாசிக்கணும்? கண்ணுக்குச் சிரமம் கொடுக்காதீங்க. புத்தகமெல்லாம் கொஞ்ச நாள் போகட்டும்."

"புத்தகம் இல்ல. சாக்ஸபோன்."

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். காலையில் நடந்ததை அவள் சொன்னாள். மேலே வந்தது, கீழே இறங்கவில்லை. டாக்டர் தன் தாடையைப் பிடித்துக் கடித்துக் காட்டினார். "கடிக்கிற தசைக்கு வேற நரம்பு. அது உங்களுக்கு நல்லா இருக்கு. உதட்டைக் குவிக்கிற நரம்புதான் படுத்திருக்கு."

அவளுக்கு அந்த இடத்திலேயே புரிந்துவிட்டது. காலையில் தன்னையறியாமல் ரீடைக் கடித்திருக்கிறாள். கடித்தால் சுரம் மேலே போய்விடும். கீழே வருவதற்குக் கடி உதவாது. உதட்டின் பிடி வேண்டும். அந்தப் பிடியில் பாதியைக் காணோம். தன் முகத்தில் நடந்தது தனக்கே தெரியாமல், குறை வாத்தியத்தில் என்று காகிதம் செருகிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். மெல்லக் கையைத் தூக்கி இடது கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

"பெரும்பாலானவங்களுக்குச் சரியாயிடும்" என்றார் டாக்டர். "எப்பன்னு கேக்காதீங்க."

மாத்திரை, கண்ணுக்குச் சொட்டுமருந்து, தூங்கும்போது இமையை இழுத்து ஒட்டக் காகிதப் பட்டை. முதல் ஒரு வாரம் வீட்டில் யாரும் அவள் முகத்தை நேராகப் பார்க்கவில்லை. மகள்தான் முதலில் அந்த இறுக்கத்தை உடைத்தாள். ஒட்டின பட்டையின் மேல் பேனாவால் நீளநீளமாக இமைமுடி வரைந்துவிட்டாள். "இப்பதான் அம்மா நீ சினிமா நடிகை மாதிரி இருக்க." பீப்பி அக்கா சிரித்தாள். பாதிதான் சிரிக்க முடிந்தது. மகள் பதிலுக்குத் தானும் பாதி வாயால் சிரித்துவிட்டு உள்ளே ஓடிப்போய் அழுதாள். அது அம்மாவுக்குக் கேட்டது. இடது காதில் எல்லாச் சத்தமும் அப்போது இரண்டு பங்காகக் கேட்டுக்கொண்டிருந்தது.

கடையில் முதலாளி அவளைப் பின்னறைக்கு மாற்றினார். அங்கே லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் மட்டும்தான், கண்ணாடி கிடையாது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, வாயை மூடித் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு ஓட்டலுக்குப் போனாள். மேடைக்குத் தள்ளி இருந்த ஒரு மேஜையில், தூணை ஒட்டி உட்கார்ந்தாள். தன் இடம் காலியாக இருக்கும், அதைப் பார்த்துவிட்டு வரலாம் என்பதுதான் எண்ணம். முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்கியது. சாக்ஸபோன் வாசிக்க ஆளே இல்லாத மேடையிலிருந்து சாக்ஸபோன் கேட்டது.

மாஸ்டரின் கீபோர்டு. ஒரு பட்டனை அமுக்கிவிட்டு வாசித்துக்கொண்டிருந்தார். முடிவில் இறக்கம் வந்தது. மேலிருந்து அடிமட்டம் வரைக்கும் ஒரு பிசிறு இல்லை. தவளை கத்தவில்லை. காற்று கசியவில்லை. கூடம் கைதட்டியது. அவளுக்கு வழக்கமாக விழுகிற அதே கைதட்டல். கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பக்கத்து மேஜைப் பெண்மணி கண்ணை மூடி ரசித்துவிட்டு, பிறகு கரண்டியை எடுத்தாள்.

பீப்பி அக்காவுக்கு அந்தக் கைதட்டல்தான் அடியாக விழுந்தது. வாய் கோணினபோது கூட இப்படி இல்லை.

இடைவேளையில் மாஸ்டர் அவளைப் பார்த்துவிட்டுப் பதறி வந்தார். "என்னம்மா, சொல்லாம வந்து உக்காந்திருக்க?"

"நல்லா எறங்குது மாஸ்டர்."

"பட்டனம்மா. அமுக்கினா எறங்குது. அதுல என்ன இருக்கு?"

"கைதட்டு அதேதானே மாஸ்டர்?"

மாஸ்டர் ஒயர் ஒன்று சரியில்லை என்று முணுமுணுத்துக்கொண்டு மேடைக்குப் போய்விட்டார்.

அன்றோடு சாக்ஸபோன் பெட்டி கட்டிலுக்கு அடியில் போயிற்று. கண் மெல்ல மூடத் தொடங்கியது. நெற்றியில் ஒரு சுருக்கம் வந்தது. அதைப் பார்த்து வீடே கொண்டாடியது. சுருக்கம் வந்ததற்குச் சந்தோஷப்பட்ட முதல் பெண் நீதான் என்றாள் மகள். ஆனால் உதட்டோரம் மட்டும் அசையவில்லை. சாக்ஸபோன் பேச்சை யாராவது எடுத்தால், "இருக்கட்டும், ஊருக்கு நிம்மதி" என்று சொல்லிவிடுவாள். மேல்மாடி வக்கீல் ஒருநாள் கதவைத் தட்டி, காலையில் எழுந்திருக்கவே முடியவில்லை, என்ன ஆயிற்று என்று கேட்டுவிட்டுப் போனார்.

காலையில் பிள்ளைகளை விட்டதற்கும் சாயங்காலம் கூட்டி வருவதற்கும் நடுவில் கணவர் வீட்டுக்கு வந்து படுப்பார். அவளுக்குக் கடை விடுமுறையாக இருந்த ஒரு மத்தியானம், படுக்காமல் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்து பெட்டியை இழுத்தார்.

"ஊது."

"வேணாங்க. காத்து போகும்."

"எங்க போகுது? காட்டு."

"விளையாடாதீங்க."

"பஞ்சர் எங்கன்னு பாக்காம எப்படி ஒட்டறது? ஊது."

எரிச்சலோடு ஊதினாள். வாயின் இடது ஓரத்திலிருந்து எச்சிலும் காற்றும் சீறின. அவர் குனிந்து, டயரைப் பார்க்கிற அதே முகத்தோடு பார்த்தார். பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி அந்த ஓரத்தை அழுத்தி மூடினார். விரலில் டீசல் வாடை அடித்தது.

"இப்ப ஊது."

மேல்சுரம் வந்தது. கூச்சல் இல்லை. அவள் கட்டைவிரலைச் சாவியிலிருந்து எடுத்தாள். சுரம் ஒரு கணம் மேலேயே நின்றது. பிறகு இறங்கியது. நடுவில் வெட்டில்லாமல், கீழே, இன்னும் கீழே, ஜன்னல் கண்ணாடி அதிர்கிற அடிச்சுரம் வரைக்கும்.

அவர் சுட்டுக்கொண்டவர் போல் விரலை எடுத்துவிட்டார். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "என்னடி இது" என்றார். அவளுக்குக் கண்ணில் நீர் முட்டியது. மேல்மாடியில் யாரோ தரையை இரண்டு தட்டுத் தட்டினார்கள். திட்டுவதற்கா, சந்தோஷத்திலா என்று தெரியவில்லை.

அதற்குப் பிறகு அவளுடைய சாதகம் காலையிலிருந்து அவர் வருகிற நேரத்துக்கு மாறியது. பின்னறை வேலைதானே என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு, மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கே வந்துவிடுவாள். அவர் ஒரு கையின் விரலால் மனைவியின் வாயோரத்தை அழுத்திக்கொண்டு, மறுகையால் போன் திரையைத் தள்ளிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒருநாள் கல்லூரியிலிருந்து சீக்கிரம் வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"ரெண்டு பேரும் என்னதான் பண்றீங்க?"

"கச்சேரி" என்றார் அப்பா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கொஞ்சம் கொஞ்சமாக விரலின் அழுத்தம் குறைந்தது. பிறகு விரல் சும்மா தொட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றானது. வாய்க்குள் வைக்கும் முனையை நடுவிலிருந்து வலது பக்கம் கொஞ்சம் நகர்த்தினால் விரலே வேண்டாம் என்று அவளே கண்டுபிடித்தாள். "அப்ப நான் வேலையில்லாப் பட்டதாரியா?" என்று கேட்டுவிட்டு அவர் போய்ப் படுத்தார்.

ஆறேழு மாதம் கழித்து மேடை ஏறினாள். மாஸ்டர் கீபோர்டின் அந்தப் பட்டன் மேல் ஒரு சின்னக் காகிதம் ஒட்டி மறைத்திருந்தார். கணவர் பின்வரிசைத் தூணோரம் நின்றிருந்தார். இரண்டாவது பாட்டின் முடிவில் மாஸ்டர் கையை எடுத்து மடியில் வைத்தார். அவள் இறங்கினாள். கீழ்ச்சுரத்துக்கு முன்னால் மெல்லிய ஒரு மூச்சொலி சேர்ந்து வந்தது. அது பழைய இறக்கம் இல்லை. ஆனால் பட்டனால் அப்படி இறங்க முடியாது. கைதட்டினார்கள்.

முன்வரிசையில் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்த மீசைக்காரர் ஒருவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். திரும்பிப் பின்னால் பார்த்தார். தலைமுடியைக் கோதிக்கொண்டார். மூன்றாவது பாட்டில் ஒரு இறக்கம் வந்தபோது தண்ணீர்த் தம்ளரை அவளை நோக்கி உயர்த்தினார். அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

எல்லாம் முடிந்து அவள் இறங்கி வந்ததும் கணவர் அவளை ஓரமாக இழுத்தார்.

"யாரப் பாத்து கண்ணடிச்ச?"

"நானா?"

"நீதான். அந்த மீசைக்கு. ஒரு தடவையில்ல, கீழ எறங்கறப்பல்லாம்."

"உங்களுக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?"

மாஸ்டர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார். "நானும் பாத்தேம்மா. எனக்குச் சாடை காட்டறன்னு நெனச்சு ஒவ்வொரு தடவையும் தலையாட்டிட்டிருந்தேன்."

அவள் கை கழுவுகிற இடத்துக்கு ஓடினாள். கண்ணாடி முன் நின்று, கீழ்ச்சுரத்துக்கு உதட்டைக் குவிக்கிற மாதிரி குவித்தாள். இடது கண் தானாக மூடிக்கொண்டது. உதட்டைத் தளர்த்தினாள். கண் திறந்தது. மறுபடி குவித்தாள். மறுபடி மூடியது. அவள் மூடவில்லை. கைகழுவும் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். கணவர் பின்னாலேயே வந்து பார்த்தவர், கோபமெல்லாம் போய், "மறுபடியுமா?" என்று மட்டும் கேட்டார். முகம் வெளுத்துவிட்டது.

மறுபடி இல்லை என்றார் டாக்டர். வீங்கின நரம்பு திரும்ப வளரும்போது இழைகள் தடம் மாறிவிட்டன. உதட்டுக்குப் போகிற சேதி கண்ணுக்கும் போகிறது. "பயிற்சி பண்ணினா குறையும். முழுசா போயிடும்னு நான் சொல்ல மாட்டேன்."

விஷயத்தைக் கேட்ட முதலாளி, கடையிலிருந்த கறுப்புக் கண்ணாடிகளிலேயே நல்லதாக ஒன்றை எடுத்துக் கொடுத்தார். அதைப் போட்டுக்கொண்டு வாசித்த முதல் சாயங்காலம் மாஸ்டர் தலையசைத்தது தெரியாமல் ஒரு பாட்டையே தவறான இடத்தில் தொடங்கிவிட்டாள். கழற்றிப் பையில் போட்டாள். மறுபடி மாட்டவில்லை.

இப்போதும் சனி, ஞாயிறு அந்த மொட்டைமாடியில் வாசிக்கிறாள். மேலிருந்து கீழே வரும்போதெல்லாம் இடது கண் மூடித் திறக்கிறது. வழக்கமாக வருகிறவர்களுக்குப் பழகிவிட்டது. புதிதாக வருகிறவர்கள் நெளிகிறார்கள், சிலர் வெட்கப்படுகிறார்கள், ஒரு பாட்டி அவளுக்குத் திரும்பக் கண்ணடித்தாள். வேனுக்கு வேறு சவாரி இல்லாத நாட்களில் கணவர் வந்து தூணோரம் நிற்கிறார். யாராவது மேஜையில் தலைமுடியைக் கோதினால் மெல்லப் போய்க் காதில் சொல்கிறார். "சார், அது என் வீட்டுக்காரி. உங்களுக்கில்ல. நரம்பு."

அவளுக்கு அந்தச் செவ்வாய்க்கிழமை மட்டும் இன்னும் உடம்பிலிருந்து போகவில்லை. காலையில் எழுந்ததும், யாரும் பார்க்காதபோது, இரண்டு கன்னத்தையும் காற்றால் நிரப்பி வாயை இறுக்கி மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். காற்று அப்படியே நின்றால்தான் பல் தேய்க்கப் போவாள்.